சர்ரே டாக் மரவாடிகள்: தீக்குத் தப்பி இரும்புப் பட்டைக்கு விழுந்த தொழில்

தேம்ஸ் ஆறு லண்டன் பாலத்தைத் தாண்டிக் கிழக்கே போகையில், தென்கரையில் ராதர்ஹைத் என்ற இடத்தைச் சுற்றி ஒரு பெரிய வளைவு போடுகிறது. அந்த வளைவுக்குள் இருந்த நிலத்தில் ஏறக்குறைய 85 சதவீதத்தைச் சர்ரே கமர்ஷியல் டாக் என்ற துறைமுகம் பிடித்திருந்தது. மொத்தம் 460 ஏக்கர். ஒன்பது கப்பல் டாக்குகள் (கப்பல் நிற்க வெட்டிய நீர்த்தேக்கங்கள்), ஆறு மரக்குளங்கள், ஒரு கால்வாய், இவற்றுக்கு நடுவே எங்கு பார்த்தாலும் பலகை அடுக்குகள். மகோகனி போன்ற வன்மரங்கள் எதிர்க்கரையில் இருந்த மேற்கிந்திய டாக்குக்குப் போயின. சர்ரே டாக்குக்கு வந்தவை பெரும்பாலும் பைன், ஸ்ப்ரூஸ் போன்ற மென்மரங்கள். லண்டனின் பழைய வீடுகளில் காலுக்குக் கீழே கிடக்கும் தரைப்பலகையும், தலைக்கு மேலே நிற்கும் கூரைச் சட்டமும் யாரோ ஒருவர் தோளில் ஏறி இந்த வாடிகளைக் கடந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம்.

1940 செப்டம்பரில் இந்த மரவாடிகள் எரிந்தன. லண்டன் அதுவரை பார்த்திராத தீ அது. வாடி பிழைத்துக்கொண்டது. முப்பது ஆண்டு கழித்து, 1970இல், ஒரு குண்டும் விழாமல், ஒரு தீயும் பிடிக்காமல் அதே துறைமுகம் இழுத்து மூடப்பட்டது. தீயில் பிழைத்த தொழில் பிறகு எதில் செத்தது? தென்கிழக்கு லண்டனில் குடியிருக்கிறேன். இந்தப் பகுதி வழியாகப் போய்வருகிறவன். இந்தக் கேள்வி என்னை விடவில்லை. 'ஓயாமல் ஸ்ட்ரைக் அடித்தார்கள், அதனால் மூடிவிட்டது' என்று பொதுவாகச் சொல்வதுண்டு. அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. ஏன் என்று சொல்வதற்கு, அந்த வேலை எப்படி நடந்தது என்று முதலில் பார்க்க வேண்டும்.

கப்பலிலிருந்து அடுக்குக்கு

இங்கே மரத்துக்குப் பருவம் உண்டு. மரம் கிளம்பிய பால்டிக் கடலின் வடக்கு மூலையும், ரஷ்யாவின் ஆர்க்காங்கெல் துறைமுகம் இருக்கும் வெண்கடலும் குளிர்காலத்தில் உறைந்துவிடும். பனி உடைந்து வசந்தம் முடியும் நேரத்தில் கப்பல்கள் வரத் தொடங்கும். இலையுதிர் காலத்தில் நெரிசல் உச்சத்துக்குப் போகும். பனி மூடும்போது ஓய்ந்துவிடும். ஆண்டு முழுக்க வீடு கட்டவும் பெட்டி செய்யவும் வேண்டிய மரம் சில மாதங்களுக்குள் வந்து குவிந்தாக வேண்டும். அவ்வளவு பெரிய வாடி தேவைப்பட்டதற்கு முதல் காரணம் இதுதான். ஆள் கூலி நிலையில்லாமல் போனதற்கும் இதுவே காரணம். ஆகஸ்டில் ஆள் போதாது, பிப்ரவரியில் ஆளுக்கு வேலை கிடையாது.

மரத்தை அளந்த கணக்கு 'பீட்டர்ஸ்பர்க் ஸ்டாண்டர்ட்'. ஒரு ஸ்டாண்டர்ட் என்பது 165 கன அடி: 12 அடி நீளம், 11 அங்குல அகலம், ஒன்றரை அங்குலத் தடிமன் உள்ள 120 பலகைகள். மர வியாபாரம், கப்பல் கூலி, தூக்குகூலி எல்லாம் இந்தக் கணக்கில்தான் ஓடின. 9 அங்குல அகலமும் 3 அங்குலத் தடிமனும் உள்ள பலகைக்கு 'டீல்' என்று பெயர். அதைச் சுமந்தவர்கள் டீல் போர்ட்டர்கள். 12 அடி டீல் ஒன்று இரண்டேகால் கன அடி. சுமார் 30 கிலோ இருக்கும், நனைந்திருந்தால் இன்னும் கூடும். ஒரு ஸ்டாண்டர்டுக்கு அப்படிப்பட்ட டீல்கள் எழுபத்து மூன்று. ஆயிரம் ஸ்டாண்டர்ட் ஏற்றிய ஒரு கப்பல் வந்து நின்றால் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள். ஒவ்வொன்றையும் ஒரு மனிதன் கையால் தொட்டாக வேண்டும்.

சும்மா தொட்டு நகர்த்துவது அல்ல. பலகையின் குறுக்குமுனையில் அனுப்பிய ஆலையின் அடையாளம் பெயின்டால் குத்தப்பட்டிருக்கும். சிலவற்றில் சுத்தியலால் அச்சுப் பதித்திருப்பார்கள். எந்த ஆலை, எந்தத் தரம் என்பதை அந்த அடையாளமே சொல்லிவிடும். கப்பலுக்குள் எல்லாம் கலந்து கிடக்கும். கரையில் இறக்கியதும் அடையாளம் பார்த்து, நீளம் பார்த்து, தடிமன் பார்த்துப் பிரிக்க வேண்டும். கணக்குப்பிள்ளை ஒருவர் நின்று எண்ணிக் குறித்துக்கொள்வார். பிரித்த பிறகுதான் போர்ட்டரின் தோளுக்கு வரும்.

டீல் போர்ட்டரின் தலையில் ஒரு தோல் தொப்பி. முன்பக்கம் சாதாரணத் தொப்பிதான்; பின்பக்கம் தடித்த தோல் மடல் ஒன்று பிடரியை மூடித் தோள்வரை இறங்கும். சிராய் கழுத்தில் ஏறாமல் இருக்கவும், பலகையின் விளிம்பு தோள்பட்டையை அறுக்காமல் இருக்கவும் அதுதான் காப்பு. பலகைகளைத் தோளில் ஏற்றினால் இரண்டு முனையும் கீழே தொங்கி, அடியெடுத்து வைக்கும்போது மேலே எம்பும். அந்த எம்பலுக்கு எதிராக நடந்தால் பாரம் ஆளைத் தள்ளிவிடும். பலகை எம்பும் நொடியில் கால் முன்னே போக வேண்டும். இறங்கும் நொடியில் கால் ஊன்றியிருக்க வேண்டும். நடக்கும் பாதையும் ஒற்றைப் பலகைதான். ஒரு ஆள் அகலத்துக்குக் குதிரைக்கால் சட்டங்களின்மேல் போட்டிருப்பார்கள். அதுவும் ஆடும். அடுக்கு உயர உயரப் பாதையும் ஏறிக்கொண்டே போகும். மூன்று மாடி உயரத்துக்குக் குறையாத அடுக்குகள் இருந்தன. முன்னால் போகிறவன் தடுமாறினால் பின்னால் வருகிறவனுக்கு ஒதுங்க இடமில்லை. அதனால் குழுவே ஒரே நடையில் போகும்.

அடுக்குவது இன்னொரு வித்தை. பலகைகளுக்கு நடுவே காற்று புக இடம் விட வேண்டும். மழைநீர் ஒரு பக்கமாக வழிந்தோடும்படி சாய்வு கொடுக்க வேண்டும். மாதக்கணக்கில் நின்றாலும் சரியக்கூடாது. வியாபாரி வந்து 'இந்த அடையாளத்தில் இவ்வளவு' என்று கேட்டால் மற்றதைக் கலைக்காமல் எடுத்துத் தரும்படியும் இருக்க வேண்டும். தந்தை செய்ததைப் பார்த்து மகன் கற்றுக்கொண்ட தொழில் இது. அந்தக் குடும்பங்கள் தெருத்தெருவாக ராதர்ஹைத்திலும் பெர்மாண்ட்சியிலும் குடியிருந்தன.

உருண்டை மரங்களும் சதுரக் கட்டைகளும் குளங்களில் மிதந்தன. தண்ணீருக்குள் கிடந்தால் வெடிக்காது என்பதற்காக அப்படி. அவற்றைத் தெப்பமாகக் கட்டி நகர்த்த தனி ஆட்கள் இருந்தார்கள். ஆடும் கட்டையின்மேல் நின்று கழியால் தள்ளும் வேலை.

வெளியே போன வழி

அடுக்கிலிருந்து வாடிக்கையாளரிடம் போக மூன்று வழி. முதல் வழி படகு: லைட்டர்மேன்கள் நடத்திய தட்டைப் படகுகள் டாக்குக்குள்ளேயே வந்து மரம் ஏற்றிக்கொண்டு ஆற்றில் இறங்கிவிடும். இரண்டாவது கிராண்ட் சர்ரே கால்வாய். 1801இல் சட்டம் போட்டுத் தொடங்கியபோது தெற்கே மிச்சம் ஊர்வரை வெட்டுவதாகத்தான் திட்டம். கேம்பர்வெல், பெக்கம் என்று சில மைல்களோடு நின்றுபோனது. கால்வாயின் இரு கரையிலும் மரக்கடைகள் வரிசையாக முளைத்தன. கரையில் குதிரை இழுக்க, படகு பெக்கம்வரை போகும். அங்கே மறுபடி ஆள்தோள்.

மூன்றாவது சாலை. முதலில் குதிரை பூட்டிய நீண்ட மரவண்டிகள், பிறகு லாரிகள். நீளமான பலகையை லாரியில் கட்டுவது சாமான்யமான வேலை இல்லை. பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பாரம் குலுங்கினால் முன்சக்கரம் லேசாகித் திருப்பத்தில் பிடிப்பு போய்விடும். கயிற்றைச் சுருக்குப்போட்டு, உடம்புப் பாரத்தையே கொடுத்து இழுத்து முடிய வேண்டும். கொஞ்ச தூரம் ஓட்டியதும் நிறுத்தி இறங்கி முடிச்சைச் சோதிக்க வேண்டும். பலகைகள் ஆடி அமர்ந்ததும் கயிறு தளர்ந்திருக்கும். நம்மூரில் சவுக்குக் கட்டை ஏற்றிய லாரிக்காரரிடம் கேட்டால் இதையேதான் சொல்வார்.

லாரிக்காரரின் நேரத்தைத் தின்றவை இரண்டு. ஒன்று வாடிக்குள் காத்திருப்பு: தன் சீட்டில் குறித்த அடையாளமுள்ள மரத்தை எடுத்துத் தரும் குழு காலியாகும்வரை வரிசையில் நிற்க வேண்டும். மற்றது பாலம். ராதர்ஹைத் ஏறக்குறைய ஒரு தீவு. உள்ளே போகவும் வெளியே வரவும் கப்பலுக்காகத் திறக்கும் பாலங்களைக் கடக்க வேண்டும். கப்பல் ஒன்று டாக் மாறினால் பாலம் திறந்துவிடும். லாரி, பேருந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோரும் நிற்க வேண்டியதுதான். நம் ஊர்களில் ரயில்வே கேட் போட்டதும் தேங்கி நிற்பதைப் போலவே. அங்கத்துப் பேச்சில் அதற்கு 'பிரிட்ஜர்'. வேலைக்குத் தாமதமாக வந்தவர் 'பிரிட்ஜரில் மாட்டிக்கொண்டேன்' என்றால் மறுபேச்சு கிடையாது. வடகரைக்குப் போக 1908இல் திறந்த ராதர்ஹைத் சுரங்கச்சாலை இருந்தது. குதிரை வண்டிக் காலத்தில் போட்ட வளைவுகள் அதில் இன்றும் அப்படியே இருக்கின்றன. நீண்ட பாரத்தோடு அதற்குள் நுழைவது எப்படி இருந்திருக்கும் என்று அதில் ஒருமுறை போனவருக்கே தெரியும்.

கூலிக்கு நின்றவர்கள்

1850இல் ஹென்றி மேஹ்யூ என்ற பத்திரிகையாளர் 'மார்னிங் க்ரானிக்கிள்' நாளிதழுக்காக இந்தத் தொழிலாளர்களைத் தேடிப் போய்ப் பேசினார். அவர் பதிவுசெய்ததில் மனதை உறுத்தும் செய்தி ஒன்று உண்டு. கப்பலிலிருந்து மரம் இறக்கும் வேலையைக் குத்தகை எடுத்தவர்களில் பலர் மதுக்கடை நடத்தியவர்கள். ஆள் எடுப்பது மதுக்கடையில். கூலி கொடுப்பதும் அங்கேயே. குடிக்காதவனுக்கு மறுநாள் வேலை கிடைக்காது. வாங்கிய கூலியில் ஒரு பங்கு அதே மேசைக்குத் திரும்பிப் போனது.

1889இல் லண்டன் துறைமுகம் முழுக்க வேலைநிறுத்தம் நடந்து, மணிக்கு ஆறு பென்ஸ் கூலி என்ற கோரிக்கை வென்றது. தென்கரைத் தொழிலாளர்கள் ஹாரி குவெல்ச் தலைமையில் தங்களுக்கெனத் தனிச் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். 1909இல் துறைமுகம் முழுவதும் லண்டன் துறைமுக ஆணையத்தின் கைக்கு வந்தது. அதற்குப் பிறகும் அன்றாடம் வாசலில் நின்று ஆள் பொறுக்கும் முறை போகவில்லை. 1947இல் தேசிய துறைமுகத் தொழிலாளர் திட்டம் வந்து, பதிவு பெற்றவர்களுக்கு வேலை இல்லாத நாளிலும் ஒரு சிறு தொகை கிடைத்தது. அன்றாடக் கூலி முறை அடியோடு ஒழிந்து ஒவ்வொருவருக்கும் நிலையான முதலாளி கிடைத்தது 1967 செப்டம்பரில். டெவ்லின் பிரபு தலைமையிலான விசாரணைக் குழு 1965இல் சொன்ன பரிந்துரையின்படி நடந்தது அது. பாட்டன் காலத்திலிருந்து கேட்டது கைக்கு வந்தது. மூன்றே ஆண்டில் வாடி மூடியது.

1940 செப்டம்பர் 7

சனிக்கிழமை மாலை ஐந்து மணியளவில் ஜெர்மன் குண்டுவீச்சு விமானங்கள் ஆற்றைப் பிடித்துக்கொண்டு வந்தன. சுமார் 350 விமானங்கள்; கூடவே அறுநூறுக்கும் மேற்பட்ட காவல் விமானங்கள். மேலேயிருந்து பார்ப்பவருக்குத் தேம்ஸின் அந்த வளைவைவிடத் தெளிவான குறி வேறில்லை. சர்ரே டாக்கில் பத்து லட்சம் டன்னுக்கு மேல் மரம் கிடந்தது. ஏறக்குறைய 250 ஏக்கர் பரப்பு பற்றி எரிந்தது.

மரவாடித் தீயின் குணம் வேறு. தீயணைப்பவர்கள் நனைத்துவிட்டுப் போன அடுக்கு, பக்கத்துத் தீயின் வெக்கையில் ஆவி கிளப்பி, காய்ந்து, மறுபடி தானாகவே பற்றிக்கொண்டது. எரியும் கட்டைகள் காற்றில் கிளம்பிப் போய்த் தூரத்து அடுக்குகளில் விழுந்தன. ஆற்றின் எதிர்ப்பக்கத்தை ஒட்டிப் போன தீயணைப்புப் படகுகளின் பெயின்ட் கொப்பளித்தது. அடுக்குகளுக்கு இடையே காற்றுக்காக விட்ட இடைவெளி அன்றைக்குத் தீக்கு வழிவிட்டது. பாலங்களை நம்ப முடியாமல் போனபோது மக்களைப் படகில் ஏற்றி வெளியேற்றினார்கள். அந்த முதல் இரவில் லண்டன் முழுக்க 430 பேர் அளவில் இறந்தார்கள். அன்றிலிருந்து 57 இரவுகள் விடாமல் குண்டு விழுந்தது.

அதற்குப் பிறகும் மரவாடி நிலைத்து நின்றது. போரின் நடுவிலேயே தென் டாக்கின் தண்ணீரை இறைத்துவிட்டு, நார்மண்டிப் படையெடுப்புக்கான மல்பெரி மிதவைத் துறைமுகத்தின் கான்கிரீட் பெட்டகங்களை அங்கே கட்டினார்கள். போர் முடிந்ததும் பால்டிக் கப்பல்கள் திரும்பின. எரிந்தது சரக்கும் கொட்டகையும். அடுக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள், தண்ணீர் இருந்தது, தூரத்து ஊர்களில் மரம் வெட்டியபடி இருந்தார்கள். குண்டுவெடிப்பில் வீடிழந்த லண்டனுக்கு முன்னெப்போதையும்விட மரம் வேண்டியிருந்தது.

இரும்புப் பட்டை

1960களில் மரம் கட்டாக வரத் தொடங்கியது. ஸ்வீடனிலும் பின்லாந்திலும் கனடாவிலும் இருந்த அறுவை ஆலைகள் பலகைகளை ஆலையிலேயே ஒரே நீளமாக, ஒரே தடிமனாகப் பிரித்து, சதுரக் கட்டாக அடுக்கி, இரும்புப் பட்டை போட்டு இறுக்கி அனுப்பின. ஒரு கட்டு டன் கணக்கில் எடை. எந்த மனிதனாலும் தூக்க முடியாது. தூக்க வேண்டிய தேவையும் இல்லை. கிரேன் எடுத்து வைக்கும், ஃபோர்க்லிஃப்ட் எடுத்துப் போகும்.

இதில் கவனிக்க வேண்டியது, எந்திரம் வந்து சுமையாளின் இடத்தைப் பிடித்தது மட்டும் அல்ல. அடையாளம் பார்த்துப் பிரிப்பது, எண்ணுவது, அளவு வாரியாக அடுக்குவது என்று நான் மேலே விவரித்த முழு வேலையும் கடல் தாண்டி ஆலை வாசலுக்கே போய்விட்டது. மரவாடி என்ற இடத்துக்கு என்ன காரணம் இருந்ததோ அதுவே இடம் மாறிவிட்டது. மிஞ்சியது கட்டுகளை இறக்கி லாரியில் வைப்பது. அதற்கு 460 ஏக்கரும் வேண்டாம், ஒன்பது டாக்கும் வேண்டாம். பெரிய கப்பல் நேராக வந்து நிற்க ஆழமான ஒரு கரை, பின்னால் தட்டையாகப் பரந்த ஒரு கான்கிரீட் தளம், தடையில்லாத சாலை இருந்தால் போதும். சர்ரே டாக்கிடம் இருந்தவை குறுகிய மதகுவாயில்கள், துண்டுதுண்டான சிறு கரைகள், திறந்து மூடும் பாலங்கள். நூறாண்டு காலமாக எது அதன் பலமோ, அதாவது மரத்தைப் பல இடங்களில் பிரித்து வைக்க வசதியான அந்த அமைப்பு, அதுவே சுமையானது.

கடலுக்கு இருபது மைலுக்கு மேல் நெருக்கமாக இருந்த டில்பரி துறைமுகத்துக்கு, கட்டாக வரும் மரத்தின் வேலையைத் துறைமுக ஆணையம் கொண்டுபோனது. கிழக்கிந்திய டாக் 1967இல் மூடியது. செயின்ட் கேதரின் 1968இல், லண்டன் டாக் 1969இல், சர்ரே 1970இல். மூடிய ஒவ்வொன்றும் ஆற்றின் மேல்பகுதியில் இருந்த, பழைய, சிறிய டாக். அதிகம் போராடிய இடம், குறைவாகப் போராடிய இடம் என்று பார்த்து இந்த வரிசை அமையவில்லை. வேலைநிறுத்தங்கள் நடந்தன, வியாபாரிகள் சலித்துக்கொண்டார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் ஒருநாள்கூட வேலையை நிறுத்தாமல் இருந்திருந்தாலும் இந்த வாடிக்கு அந்தப் பட்டைக்கட்டு வந்தே தீர்ந்திருக்கும். தொழிலாளியின் பிடிவாதத்தை மட்டும் காரணமாகச் சொல்கிறவர்கள் ஆலையில் நடந்த மாற்றத்தைப் பார்ப்பதில்லை.

ஒன்றை மட்டும் நான் தவறென்றே சொல்வேன். மாற்றம் வருவது முன்கூட்டியே தெரிந்திருந்தது. தோள் வேலையில் தேர்ந்தவர்களுக்கு வேறு தொழில் கற்றுத்தர அந்த ஆண்டுகளைப் பயன்படுத்தியிருக்கலாம். கையில் ஒரு தொகையைக் கொடுத்து அனுப்புவதே வழியாக இருந்தது. மூடிய பின் நிலம் பத்தாண்டுக்கும் மேலாகப் பெரும்பாலும் வெறுமையாகக் கிடந்தது. டாக்குகளில் பல தூர்க்கப்பட்டன. லண்டன் டாக்லேண்ட்ஸ் மேம்பாட்டுக் கழகம் 1981இல் வந்த பிறகு எழுந்த வீடுகளில் பலவற்றின் விலை, அந்த நிலத்தில் சுமை தூக்கியவர்களின் பிள்ளைகளுக்கு எட்டவில்லை.

இன்று

கனடா டாக்கின் மிச்சம்தான் கனடா வாட்டர். அதன் பெயரில் 1999இல் நிலத்தடி ரயில் நிலையம் திறந்தது. அந்த நீர்நிலையில் டீல் போர்ட்டர்களின் சிலை ஒன்று 1990இல் வைக்கப்பட்டது. பலகையைச் சுமந்து நிற்கும் உருவங்கள். ரஷ்யா டாக்கைத் தூர்த்து மரம் நட்டுக் காடாக்கியிருக்கிறார்கள். நடைபாதை ஓரத்தில் பழைய கரையின் கருங்கல் விளிம்பு தரைமட்டத்தில் தெரியும். அதில் கை வைத்தால் வழவழப்பாக இருக்கிறது. கிரீன்லாந்து டாக்கிலும் தென் டாக்கிலும் தண்ணீர் இன்னும் இருக்கிறது. தெருப்பெயர்களைப் படித்துக்கொண்டே நடந்தால் மரம் வந்த வழி முழுதும் வந்துவிடும்: ஆர்க்காங்கெல் தெரு, பின்லாந்து தெரு, ஒனேகா கேட், ஸ்வீடன் கேட், கியூபெக் வே, டிம்பர் பாண்ட் ரோடு. மாலுமிகளுக்காகக் கட்டிய நார்வே தேவாலயமும் பின்லாந்து தேவாலயமும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இன்றும் ஞாயிறு வழிபாடு நடத்துகின்றன.

கால்வாய் 1970களில் தூர்ந்து பூங்காவானது. பர்ஜஸ் பூங்காவில் அடியில் தண்ணீரே இல்லாத ஒரு பாலம் நிற்கிறது. கரையோர மரக்கடைகளில் சில படகுக்குப் பதில் லாரியை நம்பி மேலும் பல ஆண்டுகள் நடந்தன. லாரி ஓடும் திசைதான் மாறிவிட்டது. முன்பு ராதர்ஹைத்தில் பாரம் ஏற்றிக்கொண்டு வண்டிகள் ஊருக்குள் கிளம்பின. 1970க்குப் பிறகு டில்பரியில் ஏற்றிய கட்டுகள் டார்ட்ஃபர்ட் சுரங்கம் வழியாகவும் பிளாக்வால் சுரங்கம் வழியாகவும் ஆற்றைக் கடந்து தென்லண்டனுக்கு வரத் தொடங்கின. கடையில் வண்டி நின்றதும் ஃபோர்க்லிஃப்ட் வந்து கட்டோடு இறக்கிவைத்து, பட்டையை வெட்டி, விற்பனைக்குப் பிரித்தது.